பகுதிநேரப் பயிற்றுநருக்குச் சங்கம் உண்டா? தொழிற்கல்வி ஆசிரியர்களின் அமைப்பு உரிமையும் சாதியும்

மணமேல்குடி வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் தையல் கற்பிக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் ஒருவர் அண்மையில் நம்மிடம் கேட்டார்: “வக்கீல் சார், நாங்க பகுதிநேரம்தானே. நாங்க சங்கத்துல சேரலாமா? சேர்ந்தா வேலையை விட்டு எடுத்துட மாட்டாங்களா?”

அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். பணியில் சேர்ந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஆசிரியர் அறையில் தமக்கென்று ஒரு நாற்காலி இல்லை என்பதை அவர் புகாராகச் சொல்லவில்லை. பேச்சோடு பேச்சாகச் சொன்னார். தையல் எந்திரம் இருக்கும் அறையில்தான் அவர் உணவு உண்கிறார்.

அவருடைய கேள்விக்குள் மூன்று கேள்விகள் அடங்கியுள்ளன. சங்கத்தில் சேர அவருக்கு உரிமை உண்டா? சேர்ந்தால் சட்டம் எதுவரை காக்கும்? அந்த நாற்காலியைப் பற்றிச் சங்கம் பேசுமா? முதல் கேள்விக்கு விடை எளிது. இரண்டாவதற்குச் சற்று விரிவான விளக்கம் தேவை. மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலான சங்கங்கள் இன்னும் தம்மிடமே கேட்டுக்கொள்ளவில்லை.

பணியிடம் நிலையானது, பணியாளர் தற்காலிகம்

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு மாணவர்களுக்கு மேல் பயிலும் பள்ளிகளுக்கு ஓவியக் கல்வி, உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் இருக்க வேண்டும் என்கிறது. இதன் அடிப்படையில் தமிழ்நாடு அரசு 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமித்தது. வாரத்திற்கு மூன்று அரை நாள்கள் வேலை. தையல், கணினி, தோட்டக்கலை, இசை, கட்டடக்கலை, வாழ்வியல்திறன் எனப் பல பாடங்கள் இவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. ஊதியம் 7,000, 7,700, 10,000 என மெல்ல உயர்ந்து 2024இல் 12,500 ரூபாயானது. மே மாதத்திற்கு ஊதியம் இல்லை என்பது இவர்களின் நெடுநாள் குறையாக இருந்துவந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்திலேயே இந்தப் பணியிடம் இடம்பெற்றுள்ளது. எனவே இந்தப் பணிக்கான தேவை தற்காலிகமானது அன்று. ஆனால் அந்தப் பணியைச் செய்பவர் மட்டும் ஒவ்வோர் ஆண்டும் தற்காலிகமானவராகவே வைக்கப்படுகிறார். அவருடைய அச்சத்திற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

இவர்கள் தனித்தும் இல்லை. 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியதை ஒட்டி அறிமுகமான தொழிற்கல்விப் பிரிவின் ஆசிரியர்கள், அரசு மற்றும் தனியார் ஐ.டி.ஐ. பயிற்றுநர்கள், பாலிடெக்னிக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்கள் ஆகியோரும் இதே வரிசையில் நிற்பவர்கள். கைத்தொழில் கற்பிப்பவர் ‘உண்மையான’ ஆசிரியர் அல்லர் என்னும் மனப்போக்கு இவர்கள் எல்லாரையும் தொடர்கிறது.

கையால் செய்யும் வேலைக்கு ஏன் மதிப்பில்லை?

இந்த மனப்போக்கைச் சாதியிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. கையால் செய்யும் வேலையைத் தாழ்வாகவும், அதைச் செய்பவரைத் தாழ்ந்தவராகவும் வைத்த சமூகம் நம்முடையது. அந்த வேலையைப் பள்ளியில் கற்பிப்பவருக்கு மட்டும் எப்படி மதிப்பு வந்துவிடும்?

1953இல் இராஜாஜி அரசு தொடக்கப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. தமிழ் மக்கள் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று சரியான பெயரைச் சூட்டினார்கள். பெரியார் தலைமையில் எழுந்த எதிர்ப்பு முதலமைச்சர் பதவியிலிருந்து இராஜாஜி விலகக் காரணமாயிற்று. 1954இல் காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். எழுபது ஆண்டுகள் கழித்து ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் குடும்பத் தொழில் என்னும் நிபந்தனையோடு வந்தபோது, அதை அந்த வடிவில் ஏற்க இயலாது என்று தமிழ்நாடு அரசு 2024இல் தெரிவித்தது. பின்னர் அத்தகைய நிபந்தனை இல்லாத கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது.

எந்தத் தொழில், யாருடைய பிள்ளைக்கு, எந்த நோக்கத்தோடு கற்பிக்கப்படுகிறது என்பது நமக்கு உயிரான கேள்வி. கடலோடிகளின் பிள்ளைகளும் வேளாண் கூலிகளின் பிள்ளைகளும் அருகருகே அமரும் மணமேல்குடி வட்டாரத்துப் பள்ளிகளில் அந்தக் கேள்வி அன்றாடம் எழுகிறது. வலையும் மண்வெட்டியும் அல்லாத ஒரு தொழிலை அந்தப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்பவர் இந்தப் பயிற்றுநரே. அவர் குரலற்றவராக இருந்தால் தொழிற்கல்வி பற்றிய முடிவுகளை வகுப்பறையைக் காணாதவர்களே எடுப்பார்கள். சங்கம் ஊதியத்திற்கு மட்டுமன்றி இதற்கும் தேவைப்படுகிறது.

சட்டம் தருவது

அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(இ) பிரிவு, சங்கம் அமைக்கும் உரிமையைக் குடிமக்கள் அனைவருக்கும் அளிக்கிறது. நிரந்தரப் பணியாளர், தற்காலிகப் பணியாளர் என்னும் பாகுபாடு அதில் இல்லை. நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி ஆகிய காரணங்களுக்காக மட்டுமே நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கலாம். தலைமையாசிரியருக்குப் பிடிக்கவில்லை என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

“அரசு அங்கீகரிக்காத சங்கம், அதில் சேராதே” என்னும் மிரட்டலை நாம் அடிக்கடிக் கேட்கிறோம். இதற்கு உச்சநீதிமன்றம் 1962லேயே விடை சொல்லிவிட்டது. அங்கீகாரம் பெறாத சங்கத்தில் ஒன்றிய அரசு ஊழியர் உறுப்பினராக இருக்கக் கூடாது என்ற நடத்தை விதியை, ஓ.கே. கோஷ் எதிர் இ.எக்ஸ். ஜோசப் வழக்கில் அரசமைப்புக்கு முரணானது என்று நீதிமன்றம் நீக்கியது. உறுப்பினராகும் உரிமையை அரசின் அங்கீகாரத்தோடு முடிச்சுப் போட்டால் அந்த உரிமையே இல்லாமற் போகும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

அங்கீகாரமற்ற சங்கம் நீதிமன்றம் செல்லலாமா? செல்லலாம். இதை நிலைநாட்டிய வழக்கின் வரலாறு விந்தையானது. இரயில்வேயில் பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர்களுக்கான பதவி உயர்வு ஒதுக்கீட்டை எதிர்த்து, ‘சுரண்டப்பட்ட ஊழியர்’ என்று பொருள்படும் ‘சோஷித் கரம்சாரி’ என்ற பெயரைச் சூட்டிக்கொண்ட சங்கம் ஒன்று வழக்குத் தொடர்ந்தது. 1980இல் நீதிபதி கிருஷ்ணய்யரை உள்ளடக்கிய அமர்வு ஒதுக்கீட்டை உறுதி செய்து அவர்களைத் தோல்வியுறச் செய்தது. ஆனால் அங்கீகாரமற்ற சங்கமானாலும் பொதுக் குறைக்காக மனுத் தாக்கல் செய்யலாம் என்ற கோட்பாட்டையும் அதே தீர்ப்பு உறுதிப்படுத்தியது. நமக்கு எதிராக வந்தவர்கள் திறந்துவிட்டுப் போன கதவு அது. அதன் வழியே நாமும் செல்லலாம்.

புதிதாகச் சங்கம் அமைக்க விரும்புவோருக்குத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 இருக்கிறது. ஏழு பேர் சேர்ந்து, நோக்கங்களையும் துணைவிதிகளையும் எழுதி, மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம்.

சட்டம் தராதது

உரிமையின் எல்லையை மறைத்துப் பேசுவது தோழமை ஆகாது. எனவே அதையும் சொல்லிவிடுகிறோம்.

சங்கம் அமைப்பது அடிப்படை உரிமை. அச்சங்கத்தோடு அரசு பேச்சு நடத்தியே தீர வேண்டும் என்பது அடிப்படை உரிமை அன்று. அகில இந்திய வங்கி ஊழியர் சங்க வழக்கில் உச்சநீதிமன்றம் இந்த வேறுபாட்டை வகுத்தது. வேலைநிறுத்தமும் அவ்வாறே. 2003இல் தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது ஏறத்தாழ 1.7 லட்சம் பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். டி.கே. ரங்கராஜன் வழக்கின் தீர்ப்பில் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று உச்சநீதிமன்றம் கூறியது. அத்தீர்ப்பை நாம் ஏற்கவில்லை. எனினும் அது நடப்பில் இருக்கிறது என்பதை மறக்கவும் கூடாது. உறுப்பினராக இருப்பதும் வேலைநிறுத்தத்தில் ஈடுபடுவதும் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறானவை. முன்னதைச் செய்பவரைப் பின்னதைச் சொல்லி அச்சுறுத்துவது பொய்.

தனியார் நிறுவனங்களில் பணிபுரிவோரின் நிலை இன்னும் கடினம். ஆசிரியர் ‘தொழிலாளர்’ என்னும் வரையறைக்குள் வரமாட்டார் என்று 1988இல் சுந்தராம்பாள் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனால் தொழிற்தகராறுச் சட்டத்தின் பாதுகாப்பு ஆசிரியர்களுக்குக் கிட்டவில்லை.

அரசுப் பள்ளிப் பயிற்றுநரைச் சங்கத்தில் சேர்ந்ததற்காக நீக்கினால், அரசமைப்பின் 14, 19 ஆகிய பிரிவுகளின்கீழ் உயர்நீதிமன்றத்தை நாடலாம். புதுக்கோட்டை மாவட்டத்திற்கு அது மதுரைக் கிளை. ஆனால் நீக்கும் ஆணையில் ‘சங்கத்தில் சேர்ந்ததால்’ என்று எவரும் எழுதமாட்டார்கள். ‘தேவை இல்லை’ என்றே எழுதுவார்கள். ஆகவே ஒவ்வொரு தாளையும் பாதுகாக்க வேண்டும்: பணி ஆணை, வருகைப் பதிவின் படி, ஊதியம் வரவு வைக்கப்பட்ட வங்கிக் கணக்கு விவரம், சங்க உறுப்பினர் சந்தா ரசீது, வாய்மொழி மிரட்டல் வந்த நாளும் நேரமும் எழுதிய குறிப்பு.

தோற்ற வழக்கு, வென்ற சட்டம்

நீதிமன்றம் கைவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமா? பணிக்கொடையின் வரலாறு இல்லை என்கிறது.

1997 ஏப்ரல் 3ஆம் நாளிட்ட அறிவிக்கை, பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் கல்வி நிறுவனங்களுக்குப் பணிக்கொடைச் சட்டத்தை விரிவுபடுத்தியது. ஆனால் அகமதாபாத் தனியார் தொடக்கப்பள்ளி ஆசிரியர் சங்கம் தொடுத்த வழக்கில், ஆசிரியர் அச்சட்டத்தின்படி ‘பணியாளர்’ ஆகமாட்டார் என்று 2004இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கம் தோற்றது. எனினும் சட்டத்தில் ஒரு குறை இருக்கிறது என்பது அந்தத் தோல்வியால் நாடறிய வெளிப்பட்டது. 2009இல் நாடாளுமன்றம் ‘பணியாளர்’ என்னும் வரையறையைத் திருத்தியது. திருத்தம் 1997 ஏப்ரல் 3 முதலே செல்லும் என்றது. தனியார் பள்ளி நிர்வாகங்கள் அதை எதிர்த்து வழக்காடின. 2022 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் திருத்தத்தை உறுதி செய்தது. தனியொரு ஆசிரியரால் பதினெட்டு ஆண்டுகள் காத்திருக்க இயலாது, சங்கத்தால் இயலும்.

நம் மாநிலத்திலும் சான்று உண்டு. 2023 அக்டோபர் முதல் வாரத்தில் சென்னை டி.பி.ஐ. வளாகத்தில் பகுதிநேர ஆசிரியர்களும் பிற ஆசிரியர் அமைப்புகளும் போராடிக்கொண்டிருந்தபோதுதான் 2,500 ரூபாய் ஊதிய உயர்வும் மருத்துவக் காப்பீடும் அறிவிக்கப்பட்டன. கேட்டது பணிநிரந்தரம், கிடைத்தது அது அன்று. ஆயினும் கிடைத்த அளவும் தனித்தனி மனுக்களால் கிடைத்ததில்லை.

அமெரிக்காவில் தொழிற்கல்வி ஆசிரியர்கள் இதை நெடுங்காலம் முன்பே உணர்ந்தார்கள். 1906இல் அங்கே தொழிற்கல்விக்கென உருவான தேசியச் சங்கத்தின் முயற்சிக்கு, தொழிற்கல்விக்கு ஒன்றிய அரசின் நிதியை உறுதி செய்த 1917ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெரும்பங்கு உண்டு. அதன் வழிவந்த சங்கம் இன்றும் இயங்குகிறது. ஆனால் நமக்கு அந்த நாட்டிலிருந்து கிடைக்கும் பெரிய பாடம் வேறோர் இடத்தில் இருக்கிறது.

வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக் நகரில் ஒரே தகுதி கொண்ட வெள்ளையின ஆசிரியரைவிடக் கறுப்பின ஆசிரியருக்குக் குறைவான ஊதியம் தரப்பட்டது. 1939இல் அலின் பிளாக் என்னும் ஆசிரியை வழக்குத் தொடுத்தார். கல்வி வாரியம் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவர் ஆசிரியராக இல்லாது போகவே வழக்கும் நின்றது. அடுத்து மெல்வின் ஆல்ஸ்டன் என்னும் ஆசிரியர் வந்தார். இம்முறை நார்ஃபோக் ஆசிரியர் சங்கமும் அவருடன் வாதியாக நின்றது. ஆசிரியரை நீக்கலாம்; சங்கத்தை எந்தப் பணியிலிருந்து நீக்குவது? தர்குட் மார்ஷல் உள்ளிட்ட வழக்கறிஞர்கள் வாதாடிய அவ்வழக்கில், 1940இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இன அடிப்படையிலான ஊதிய வேறுபாடு அரசமைப்புக்கு முரணானது என்றது. பெரிய தேசியச் சங்கத்தின் தென்மாநிலக் கிளைகள் கறுப்பினத்தவருக்குக் கதவடைத்திருந்த காலம் அது. அதனால் கறுப்பின ஆசிரியர்கள் தமக்கெனத் தனிச் சங்கம் நடத்தினர். 1966இல்தான் அவ்விரு தேசியச் சங்கங்களும் ஒன்றிணைந்தன.

சாதியைப் பேசாத சங்கம்

இப்போது நாற்காலிக்கு வருவோம்.

பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவில் கூலி அதிகம். அறுந்த நூலை வாயால் ஈரப்படுத்தி இணைக்க வேண்டியிருந்ததால், ‘தீட்டு’ என்று சொல்லித் தீண்டப்படாத மக்களை அப்பிரிவில் சேர்க்கவில்லை. சேர விடாமல் தடுத்தவர்கள் ஆலை முதலாளிகள் மட்டும் அல்லர். உடன் உழைத்த சாதி இந்துத் தொழிலாளர்களும் தடுத்தார்கள். 1928ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத் தலைவர்களின் முன்வைத்தார்.

ஆனால் அவர் சங்கங்களைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1938 பிப்ரவரியில் மன்மாடில் நடந்த தீண்டப்படாத இரயில்வே தொழிலாளர் மாநாட்டில், உழைக்கும் மக்களுக்குப் பார்ப்பனியம், முதலாளியம் என இரண்டு எதிரிகள் உண்டு என்றார். அதே ஆண்டு நவம்பரில் தொழில்தகராறு மசோதாவை எதிர்த்து இடதுசாரிகளோடு இணைந்து வேலைநிறுத்தத்தை நடத்தினார். வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, தொழிற்சங்கங்களுக்கு அங்கீகாரம் வழங்குவதைக் கட்டாயமாக்கும் திருத்த மசோதாவை 1943இல் கொண்டுவந்தார். தனித்து நின்று அமைப்பாவது, பொது அமைப்புக்குள் சென்று சாதியைக் கேள்வி கேட்பது என்னும் இரண்டு வழிகளையும் அவர் ஒருசேரப் பயன்படுத்தினார்.

நம் பயிற்றுநர்களுக்கும் இதையே சொல்கிறோம். தொழிற்கல்வி ஆசிரியர்களின் பொதுச் சங்கத்தில் சேருங்கள். பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர் அமைப்பிலும் உறுப்பினராகுங்கள். ஒன்றில் இருப்பவர் மற்றொன்றில் இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. ஊதியத்திற்கு அந்தச் சங்கம், அவமானத்திற்கு இந்தச் சங்கம் என்று பங்கிட்டுக்கொள்ளவும் வேண்டாம். பள்ளியில் நாற்காலி மறுக்கப்படுவது பணிநிலை பற்றிய சிக்கல். எனவே அது பொதுச் சங்கத்தின் தீர்மானத்தில் இடம்பெற வேண்டும்.

பட்டியல் சாதிகள், பழங்குடிகள் மீதான வன்கொடுமைகள் தடுப்புச் சட்டமும் இங்கே துணை நிற்கிறது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் 15அ பிரிவு, பாதிக்கப்பட்டவர் தொண்டு அமைப்புகள், சமூகச் செயற்பாட்டாளர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் உதவியைப் பெறுவதை உரிமையாகவே ஆக்கியுள்ளது. புகார் கொடுக்க வருபவரோடு துணைக்குச் செல்பவரை “உனக்கு என்ன வேலை?” என்று காவல் நிலையத்தில் விரட்ட இயலாது. சாட்சிகளுக்கும் சங்கமே வழி. பொதுப் பார்வைக்கு உட்படாத நான்கு சுவர்களுக்குள் நடந்த இழிவுபடுத்தல் இச்சட்டத்தின் குறிப்பிட்ட பிரிவின்கீழ் வராது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. சாதி சொல்லித் திட்டியதைக் கேட்ட சக ஆசிரியர் வாய் திறப்பாரா என்பதே பல வழக்குகளின் முடிவைத் தீர்மானிக்கிறது. ஒரே சங்கத்து உறுப்பினர் என்னும் உறவு, அவர் வாய் திறப்பதற்கு ஒரு காரணமாக அமையலாம்.

இது வேங்கைவயல் இருக்கும் மாவட்டம். 2022 டிசம்பரில் பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட செய்தி வெளிவந்தபோது, இது எங்கள் தொழிற்சங்க வேலை அன்று என்று ஒதுங்கியவர்களையும் நாம் கண்டோம். இது அறிவொளி இயக்கத்தின் மாவட்டமும்கூட. 1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் கற்ற பல்லாயிரம் பெண்களின் மாவட்டம். கூடிக் கற்றவர்கள் கூடிக் கேட்கவும் துணிந்தார்கள் என்பதை இந்த மண் அறியும்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

சங்கம் என்ற பெயர்ப் பலகை இருப்பதால் மட்டும் அது சங்கமாகிவிடாது. சந்தா செலுத்தும் முன் சிலவற்றைக் கேட்டறிவது உங்கள் உரிமை.

முதலாவதாக, சங்கம் பதிவு செய்யப்பட்டதா, பதிவு எண் என்ன, துணைவிதிகளின் படியைத் தருவார்களா என்று கேளுங்கள். பகுதிநேரப் பயிற்றுநருக்கு வாக்குரிமையுடன் கூடிய முழு உறுப்பினர் தகுதி உண்டா, அல்லது சந்தா மட்டும் வாங்கிக்கொள்ளும் துணை உறுப்பினரா என்பதைத் துணைவிதியிலேயே படித்துப் பாருங்கள்.

இரண்டாவதாக, ஆண்டுப் பொதுக்குழு கூடுகிறதா, தணிக்கை செய்த வரவுசெலவு முன்வைக்கப்படுகிறதா, தேர்தல் நடக்கிறதா என்று பாருங்கள். நிர்வாகம் தவறினால், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து பதிவாளரிடம் விசாரணை கோரச் சட்டத்தில் இடமுண்டு.

மூன்றாவதாக, பொறுப்பாளர்களில் பட்டியல் சாதியினரும் பெண்களும் எத்தனை பேர், எந்தப் பொறுப்புகளில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பற்றி, சாதிப் பாகுபாட்டைப் பற்றி, இதுவரை ஒரு தீர்மானமாவது நிறைவேற்றியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். இல்லை என்ற விடை வந்தால் திரும்பிவிட வேண்டாம். சேர்ந்து, அந்த முதல் தீர்மானத்தை நீங்களே முன்மொழியுங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமக்களுக்கே தகவல் கேட்கும் உரிமையைத் தருகிறது. எனவே பணியிட விவரம், ஊதிய ஆணை போன்றவற்றைக் கேட்கும் மனுவைச் சங்கத்தின் பெயரில் அனுப்பாமல் ஓர் உறுப்பினரின் பெயரில் அனுப்புங்கள்.

மணமேல்குடிப் பயிற்றுநருக்கு நாம் சொன்ன விடை இதுதான்: சேரலாம், யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை, சேர்ந்ததற்காக நீக்குவது சட்டத்திற்கு முரண், அப்படி நீக்கினால் வழக்கு நடத்துவோம். அவர் சிறிது நேரம் எண்ணிவிட்டு, பக்கத்துப் பள்ளிகளில் தம்மைப் போன்றோர் மேலும் சிலர் இருப்பதாகச் சொன்னார். அவர்களையும் அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். சங்கத்தின் முதல் கூட்டம் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

அந்தக் கூட்டத்தில் அவருக்கு ஒரு நாற்காலி இருக்கும். பள்ளியிலும் அது இருக்க வேண்டும் என்று அங்கிருந்துதான் கேட்கத் தொடங்க வேண்டும்.